பெயரும் பெயரனும்: அறிவின் ‘வள்ளியம்மா பேராண்டி’யும் நாட்டார் பாடலின் ஆசிரியத்துவமும்

எழுதப்படாதது, வாய்மொழியாகப் பரவுவது, ஆக்கியோன் பெயர் அறியப்படாதது என்னும் மூன்றும் நாட்டார் பாடலின் இயல்புகளாகத் தமிழ் நாட்டார் வழக்காற்றியல் பாடநூல்களில் தொடர்ந்து அடுக்கப்பட்டு வருகின்றன. இவற்றுள் முதலிரண்டும் பாடலைப் பற்றியவை. மூன்றாவது, பாடலைத் திரட்டியவர் எவ்வளவு அறிந்திருந்தார் என்பதைப் பற்றியது. திரட்டியவரின் அறியாமை, காலப்போக்கில் பாடலின் இலக்கணமாகவே நிலைபெற்றுவிட்டது. ஆக்கியோன் பெயர் தெரிந்துவிட்டால் அப்பாடல் நாட்டார் பாடல் அன்று என்று ஒதுக்கும் அளவுக்கு அவ்விலக்கணம் இறுகியும் போயிற்று.

அரக்கோணத்தைச் சேர்ந்த பாடலாசிரியரும் பாடகருமான அறிவு, தம் முதல் தனித்தொகுப்பின் முதல் தொகுதியை 2024இல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்னும் பெயரில் வெளியிட்டார். 2019இல் ஆஃப்ரோவுடன் இணைந்து உருவாக்கிய ‘தெருக்குரல்’ இருவர் படைப்பு. ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ ஒரு குழு. திரைப்பாடல்கள் இயக்குநரும் இசையமைப்பாளரும் வகுத்த எல்லைக்குள் எழுதப்பட்டவை. ஆகவே இத்தொகுப்பிலேயே ஒரு படைப்பின் முழுப்பொறுப்பையும் அவர் தம் பெயரில் ஏற்கிறார். அத்தகைய இடத்தில் அவர் தேர்ந்த தலைப்பில் அவருடைய பெயர் இல்லை. பாட்டியின் பெயரும் உறவுமுறைச் சொல் ஒன்றுமே உள்ளன. இத்தலைப்பை வெறும் அன்புக் காணிக்கையாகக் கொள்வது போதாது. அது ஓர் ஆசிரியத்துவ உரிமைக்கோரல். மேலும், அது ராப் இசை மரபிலிருந்து மட்டும் வந்ததன்று. தமிழ்ப் பாடல் மரபுக்குள் மிகப் பழைய வேர் உடையது.

பாடலிலிருந்து பிறந்த பெயர்

‘வள்ளியம்மா பேராண்டி’ என்னும் தொடர் தொகுப்புக்காகப் புதிதாக உருவாக்கப்பட்டதன்று. 2021 மார்ச்சில் மாஜா நிறுவனத்தின் வழியாக வெளிவந்து உலகெங்கும் பரவிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடலுக்குள்ளேயே அது வருகிறது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் தீயும் அறிவும் பாடிய அப்பாடலில், ‘-ண்டி’ என முடியும் சொற்கள் ஒன்றையொன்று இழுத்துவரும் இயைபுத் தொடரின் நடுவே பாடுபவன் தன்னை இவ்வாறு சுட்டிக்கொள்கிறான். தமிழ் யாப்பு எதுகைக்கும் மோனைக்கும் தந்த முதன்மையை ராப் இயைபுக்குத் தருகிறது என்பதைக் கருதினால், இப்பெயர் ஓசைத் தேவையிலிருந்து எழுந்தது என்றே கொள்ளலாம். பின்னர் அவ்வோசை ஒரு தொகுப்பின் தலைப்பாகவும் பாடுபவனின் அடையாளமாகவும் வளர்ந்தது.

பாட்டுக்குள் வந்த தொடர் பாடியவரின் பெயராக மாறுவது தமிழுக்குப் புதிதன்று. குறுந்தொகையின் 40ஆம் பாட்டைப் பாடியவர் செம்புலப்பெயல்நீரார். 41ஆம் பாட்டைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். குப்பைக் கோழியார், விட்ட குதிரையார் என்னும் பெயர்களும் இவ்வாறே பாட்டிலுள்ள உவமைத் தொடர்களால் அமைந்தவை. இயற்பெயர் அறியப்படாத புலவர்க்குத் தொகுத்தோர் தந்த பெயர்கள் இவை என்பது பொதுக்கருத்து. பாம்பாட்டிச் சித்தர், குதம்பைச் சித்தர் என்னும் பெயர்களும் பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் விளியிலிருந்து பிறந்தவையே. இத்தொகுப்பாளர்களின் செயலை இன்றைய நாட்டார் பாடல் திரட்டாளர்களின் செயலோடு ஒப்பிட வேண்டும். ஆக்கியோன் பெயர் தெரியாதபோது சங்கத் தொகுப்பாளர் பாட்டுக்கு ஆசிரியரே இல்லை என்று முடிவுகட்டவில்லை. பாட்டிலிருந்தே ஒரு பெயரை எடுத்து ஆசிரியர்க்கு உரிய இடத்தில் வைத்தனர்.

அறிவு செய்திருப்பதும் ஏறத்தாழ அதுவே. வேறுபாடு ஒன்றுண்டு. செம்புலப்பெயல்நீரார்க்குப் பெயர் தந்தவர் பிறர். இங்குப் பாடியவரே தம் பாட்டிலிருந்து தம் பெயரை எடுத்துக்கொள்கிறார். தொகுப்பாளன் வந்து பெயரிடும்வரை காத்திருப்பது ஏற்புடையதன்று என்பதற்கு அவருக்குக் காரணங்கள் இருந்தன. அவை பின்னர்க் கூறப்படும்.

பாடுபவரே தம் பெயரைப் பாட்டில் பதிப்பதற்கும் முன்மாதிரிகள் உண்டு. திருஞானசம்பந்தர் பதிகந்தோறும் திருக்கடைக்காப்பில் தம் ஊரையும் பெயரையும் பொறித்தார். ஆண்டாளின் பதிவு இதனினும் நெருங்கிய ஒப்புமை. அவர் தம்மைப் பெரும்பாலும் கோதை என்று மட்டும் கூறி நிறுத்துவதில்லை. பட்டர்பிரானின் கோதை, விட்டுசித்தனின் கோதை என்று தந்தையின் பெயரை முன்வைத்தே தம்மைச் சுட்டுகிறார். பெண்ணொருத்தியின் பாடலுக்குத் தந்தையின் பெயர் அரணாக நிற்கிறது. ‘வள்ளியம்மா பேராண்டி’ என்பதும் இதே அமைப்புடைய உறவுவழிக் கையொப்பமே. ஆனால் திசை வேறு. தந்தைவழி ஆண் பெயருக்கு மாறாக, நிலமற்ற ஒரு கூலித் தொழிலாளிப் பெண்ணின் பெயர் முன்னே நிற்கிறது. பேரனின் பாடலுக்கு அவள் பெயர் சான்றாகிறது. உயர்குடிப் பெயர்களே சான்றாக நிற்கக்கூடியவை என்னும் எண்ணத்தை இத்தலைப்பு எந்த முழக்கமும் இன்றி மறுக்கிறது.

‘பேரன்’ என்பது ‘பெயரன்’ என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள் என அகராதிகள் கூறும். பெயர் தாங்குதல் என்னும் கருத்து அவ்வுறவுச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. வழக்கில் ஆண்வழி முன்னோரின் பெயரையே தாங்கிய பெயரன், இங்குப் பாட்டியின் பெயரைத் தாங்குகிறான். மகன்வழிப் பேரனையும் மகள்வழிப் பேரனையும் அச்சொல் வேறுபடுத்துவதில்லை என்பதும் இவ்விடத்தில் பொருந்தி நிற்கிறது.

ஒப்பாரியின் ‘நான்’

வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய குடும்பங்களின் வரலாற்றைச் சேர்ந்தவர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்க வேண்டும் என்றும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. அப்பேச்சில் அம்மக்கள் எண்ணிக்கையாகவே இருந்தனர். தோட்டத் தொழிலாளர்களின் பாடல்களைத் திரட்டிய சி.வி. வேலுப்பிள்ளை போன்றோரின் பணி இல்லையேல் அவர்களின் குரலில் எஞ்சியிருப்பது இன்னும் சிறிதாகவே இருந்திருக்கும்.

அக்குரலின் முதன்மையான வடிவங்களுள் ஒன்று ஒப்பாரி. வட தமிழகச் சிற்றூர்களில் களப்பணி செய்த இசபெல் கிளார்க்-டிசெஸ் 2005இல் வெளியிட்ட ஆய்வு நூலின் தலைப்பே, இறந்தவர்க்காக எவரும் அழுவதில்லை என்று பொருள்படும். பிறர் வீட்டுச் சாவில் அழும் பெண் தன் பிறந்தகத்தையும் தன் கைம்மையையும் தனக்கு நேர்ந்த வஞ்சனையையும் பாடுகிறாள் என்பது அந்நூல் காட்டும் உண்மை. தமிழ்ப் பெண்களின் இழவு வீட்டுப் பாடலைக் கேட்டறிந்தவர்க்கு இது வியப்பளிக்காது. ஆனால் ஆசிரியத்துவம் குறித்த விவாதத்தில் இதன் விளைவு பெரிது. ஒப்பாரியில் வாய்பாட்டுத் தொடர்கள் பொதுச்சொத்து. அவற்றை அடுக்கித் தன் வாழ்வைக் கூறும் ‘நான்’ பாடுபவளுக்கே உரியது. ஆல்பர்ட் லார்டு 1960இல் வாய்மொழிக் காப்பியப் பாடகரைப் பற்றிக் கூறியதும், கைலாசபதி 1968இல் தமிழ் வீரயுகப் பாடல்களுக்கு அக்கோட்பாட்டைப் பொருத்திப் பார்த்ததும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கவை. பாடும் பொழுதே இயற்றும் பொழுது என்றால், பாடுபவள் வழிவந்த பாடலின் வெறும் சுமப்பாளியாக இருக்க இயலாது. தானே எழுதித் தானே பாடுபவர் என்னும் இன்றைய வகைப்பாடு மேலைநாட்டிலிருந்து வந்து சேர்ந்தது எனக் கருதப்படுவதுண்டு. இழவு வீட்டில் அழும் பெண்ணுக்கு அது நெடுங்காலமாகப் பொருந்தி வந்திருக்கிறது.

‘எஞ்சாயி எஞ்சாமி’யின் ஒரு பகுதி இந்த ஒப்பாரி அமைப்பிலேயே இயங்குகிறது. மரம் வளர்த்ததையும் தோட்டம் அமைத்ததையும் ஒவ்வொன்றாகக் கூறி, அத்தோட்டத்தின் செழிப்பு வளர்த்தவரின் தாகத்தைத் தீர்க்கவில்லை என்று முடியும் பகுதி அது. செய்த செயல்களை எண்ணி அடுக்குதல், பின்னர்ப் பயன் மறுக்கப்பட்டதைச் சொல்லி விம்முதல் என்னும் இரட்டைக் கட்டமைப்பு ஒப்பாரிக்கே உரியது. இங்குச் சாவு ஒருவருடையது அன்று. நிலத்துக்கும் அதில் உழைத்தவர்க்கும் இடையிலான உறவே இறந்துகிடக்கிறது. ‘சாமி’ என்னும் சொல்லும் இரு முனை கொண்டது. பேரக்குழந்தையைக் கொஞ்சும் பாட்டியின் வாயிலும், நிலவுடைமையாளர் முன் கைகட்டி நின்ற கூலியாளின் வாயிலும் அதே சொல் இருந்தது. ஆண்டையைக் குறித்த சொல்லைப் பேரனுக்கு மாற்றித் தரும் செயலில் ஓர் அரசியல் உண்டு. ஏரியும் வயலுமாக இருந்து மனைப்பிரிவுகளாக மாறிய சிட்லபாக்கம், செம்பாக்கம், அஸ்தினாபுரம் போன்ற தென்சென்னைப் புறநகர்களில் திருமண மண்டபத்து ஒலிபெருக்கி வழியாக இப்பாடல் கொண்டாட்டப் பாடலாக ஒலிக்கும்போது, அதனுள் இருக்கும் அழுகை எத்தனை பேர் செவியில் விழுகிறது என்பது தனியே ஆராயத்தக்கது.

‘உதவியவர்’ என்னும் இடம்

நாட்டார் பாடல் தொகுப்பு மரபு பாடியவரை எங்கே வைத்தது? பெர்சி மாக்வீன் திரட்டி, கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்துத் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் வழியாக 1958இல் வெளிவந்த ‘மலையருவி’யில் திரட்டிய ஆங்கிலேய அதிகாரியின் பெயரும் பதிப்பாசிரியரின் பெயரும் நிலைபெற்றன, பாடியவர்கள் பெயர்கள் அவ்வாறு நிலைபெறவில்லை. நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ இவ்வகையில் ஒரு பெரும் முன்னேற்றம். அந்நூலில் பல பாடல்களின் அடியில் உதவியவர், சேகரித்தவர், இடம் என்னும் குறிப்புகள் தரப்பட்டன. மார்க்சிய நோக்குடைய ஆய்வாளர் என்பதால் உழைப்பவரின் பெயரை விட்டுவிட அவர் மனம் ஒப்பியிராது. எனினும் ‘உதவியவர்’ என்னும் சொல்லை ஆழ்ந்து நோக்க வேண்டும். பாடலைத் தந்தவரின் வினை அங்கு உதவுதல். நூலை ஆக்குதல் வேறொருவரின் வினை. இது தனியொருவரின் குறையன்று. அக்காலத் துறையின் மொழி அவ்வளவே இடமளித்தது. ஆனால் அம்மொழி இன்றும் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் ‘தகவலாளி’ என்னும் வேடத்தில் தொடர்கிறது. பெயர், வயது, ஊர், தொழில், சாதி என ஐந்து கட்டங்கள் நிரப்பப்படுகின்றன. எந்தப் பாடலில் எந்த அடி அவர் புனைந்தது என்பதற்குக் கட்டம் இல்லை.

சட்டம் இன்னும் விந்தையானது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, இலக்கியப் படைப்புக்கு எழுதியவரையும் இசைப் படைப்புக்கு இசையமைத்தவரையும் ஆசிரியராகக் கொள்கிறது. ஒலிப்பதிவுக்கு ஆசிரியர் அதன் தயாரிப்பாளர். 2012ஆம் ஆண்டுத் திருத்தம், திரைப்படத்திலும் ஒலிப்பதிவிலும் சேர்க்கப்படும் பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும் தமக்குரிய உரிமத்தொகையில் சமபங்கை விட்டுக்கொடுக்க இயலாதவாறு செய்தது. இது பெரும் வெற்றி. ஆயினும் எழுதியவர் இன்னார் என்று முதலில் நிறுவப்பட வேண்டும். வாய்மொழி மரபிலிருந்து வரும் பாடலில் இந்த முதற்படியே வழுக்குகிறது. ‘அது நாட்டுப்புறப் பாடல்தானே’ என்னும் ஒரு வாக்கியம் எழுதியவரின் உரிமையை மெல்லக் கரைத்துவிடும். வழக்காற்றியல் வகுப்பறையின் வரையறை பதிவுக்கூடத்தில் இவ்வாறு பயன்படுகிறது என்பதைத் துறையினர் கவனித்தாக வேண்டும்.

‘எஞ்சாயி எஞ்சாமி’ இந்த வழுக்கலைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. 2021 ஆகஸ்டில் ஆங்கில இசை இதழ் ஒன்றின் இந்தியப் பதிப்பு அறிவு இல்லாத அட்டைப்படத்தை வெளியிட்டபோது இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் அதைக் கண்டித்தனர். 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே அப்பாடல் மேடையேறியது. அதன்பின் அறிவும் சந்தோஷ் நாராயணனும் தீயும் தனித்தனியே தம் தரப்பைக் கூறினர். பாடலின் உருவாக்கத்தில் எவருக்கு எவ்வளவு பங்கு என்பதில் அக்கூற்றுகள் ஒத்துப்போகவில்லை. அதைத் தீர்ப்பது திறனாய்வின் வேலையன்று. திறனாய்வுக்கு உரியது அறிவின் கூற்றிலுள்ள ஓர் இரட்டைத் தன்மை. பாடலை எழுதியதும் மெட்டமைத்ததும் தாமே என்று அவர் அதில் உறுதிபடக் கூறினார். அதே குறிப்பில், பாடல்கள் முன்னோரின் மூச்சையும் வலியையும் சுமப்பவை என்றும் கூறினார். ஒன்று தனிமனித உரிமை. மற்றொன்று கூட்டு மரபு. இரண்டையும் ஒருசேரக் கோருவது முரண் என்று அப்போது சிலர்க்குத் தோன்றியிருக்கக்கூடும். ஒப்பாரியின் ‘நான்’ எவ்வாறு இயங்குகிறது என்று அறிந்தவர்க்கு அதில் முரண் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த தொகுப்பின் தலைப்பு அவ்விரண்டையும் ஒரே தொடரில் அடக்கியது. வள்ளியம்மா மரபு, பேராண்டி தனிமனிதன்.

மாற்றுக் கருத்துகள்

இந்நிலைப்பாட்டுக்கு வலுவான மறுப்பும் தமிழ்ச் சூழலிலேயே உண்டு. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்னும் பெயரில் நாட்டார் இசையில் பாடல்கள் ஆக்கியவர். பாடுபவர் எவரும் தம் தேவைக்கேற்பப் பாடலை மாற்றலாம், மாற்ற வேண்டும் என்பது அவர் கொள்கை. அவரைப் பற்றிச் சோயி ஷெரினியன் 2014இல் வெளியிட்ட நூல் இந்த மறுபடைப்பையே தலித் விடுதலை இசையின் உயிராகக் காண்கிறது. கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடிய ‘மனுசங்கடா’வை எழுதியவர் கவிஞர் இன்குலாப் என்பதை அறியாமலே அதை மக்கள் பாடலாகப் பாடியோர் பலர். எழுதியவர் பெயர் மறைவதை அவ்விடத்தில் இழப்பு என்று கூற முடியாது. ஒரு போராட்டப் பாடல் அடையக்கூடிய பேறு அது.

ஆனால் அப்பாவுவின் பாடல் கூட்டு வழிபாட்டிலும் கூட்டு உணவிலும் புழங்கியது. குணசேகரனின் மேடையில் நுழைவுச்சீட்டு முதன்மையானதன்று. எண்ணிம இசைச்சந்தையில் ஒவ்வொரு கேட்பும் எண்ணப்பட்டு எவரோ ஒருவர் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. அங்கே பெயரைத் துறப்பவரின் பங்கு மக்களிடம் போய்ச் சேர்வதில்லை; பெயரை விடாதவரிடம் சேர்கிறது. ஆகவே அப்பாவுவின் கொள்கையை அறிவின் நிலைக்கு எதிராக நிறுத்துவது, களம் மாறியதைக் கருதாத ஒப்பீடு.

அமெரிக்க நாட்டார் இசையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு பொருந்தும். 1962 மார்ச்சில் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட பாப் டிலனின் முதல் இசைத்தட்டில் இருந்த 13 பாடல்களில் அவர் எழுதியவை இரண்டே. அவற்றுள் ஒன்று மூத்த பாடகர் வுடி கத்ரியை விளித்துப் பாடியது. அதன் மெட்டும் கத்ரியின் பாடல் ஒன்றிலிருந்து எடுத்ததே. முன்னோர் மெட்டில் முன்னோர்க்கே பாடிய அப்பாடல் டிலன் பெயரில் பதிவாயிற்று. அதை எவரும் நாட்டார் பாடல் என்று கூறி அவரிடமிருந்து பிரிக்கவில்லை. மரபிலிருந்து எடுப்பவன் படைப்பாளி என்று ஓரிடத்தில் கொள்ளப்படுவதும், மரபுக்கு உரியவன் என்பதனாலேயே படைப்பாளி அல்லன் என்று வேறோரிடத்தில் கொள்ளப்படுவதும் இசையியல் காரணத்தால் அன்று.

தலைப்பின் சுமை

தலைப்பு தரும் வாக்கு பெரிது என்பதால் அதைக் கொண்டே தொகுப்பை அளக்க வேண்டியும் வருகிறது. ராப் தாளத்தின் மேல் நெருக்கமாகச் சொற்களை அடுக்கும் கலை. ஒப்பாரி தாளத்தை மீறி இழுத்து, மூச்சு உடையும் இடத்தில் நிற்கும் கலை. அறிவின் வலிமை முதலாவதில் இருக்கிறது. அவர் வேகம் கூடும்போது சொல்லின் கூர்மை மிகுகிறது, விம்மலுக்குரிய இடைவெளி குறைகிறது. ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் இரு குரல்கள் மாறி மாறி வந்தமையால் அந்த இடைவெளி தானே அமைந்தது. தனித்தொகுப்பில் அதனைப் பாடுபவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஆண்குரலில் வரும் ராப்பின் ‘நான்’ அறைகூவலை நோக்கிச் சாயும் இயல்புடையது. பாட்டியின் ‘நான்’ அறைகூவியதில்லை. பேரனின் நான் பாட்டியின் நானை விழுங்கிவிடும் ஆபத்து இத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2021ஆம் ஆண்டுக் காணொளியில் வள்ளியம்மாள் அரியணையில் அமர்ந்து காட்சியானார். காட்சியாவதும் குரலாவதும் ஒன்றல்ல. முதல் தொகுதி என்று எண்ணிட்டு வெளியிடப்பட்ட ஒன்றில், வரும் தொகுதிகளிலாவது பாட்டிமாரின் குரல் நேரடியாக ஒலிக்குமா என்பது எதிர்பார்ப்புக்குரியது.

இத்தொகுப்பை நூலகம் ஒன்று பட்டியலிடும் வேளையை எண்ணிப் பார்க்கலாம். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமோ, குணசேகரன் இயக்குநராக இருந்த உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமோ இதைச் சேர்த்தால், ஆக்கியோர் கட்டத்தில் அறிவு என்று பதிவாகும். அது சரியே. வள்ளியம்மா என்னும் பெயர் தலைப்புக் கட்டத்தில் மட்டும் நிற்கும். களப்பணி ஒலிப்பதிவுகளைப் பட்டியலிடும்போது ‘உதவியவர்’, ‘தகவலாளி’ என்னும் கட்டங்களை நீக்கி, ‘பாடி இயற்றியவர்’ என்று ஒரு கட்டமும் ‘எவரிடம் கேட்டுக் கற்றார்’ என்று மற்றொரு கட்டமும் சேர்ப்பதற்குப் பெரும் பொருட்செலவு ஆகாது. இரண்டாம் கட்டத்தில் ஒரு பாட்டியின் பெயர் எழுதப்படும் வாய்ப்பு மிகுதி.